சப்வூஃபரை உங்கள் அறைக்குப் பழக்குவது எப்படி?

சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது பேஸே, அதாவது தாழ்ந்த ஒலியே, கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை வாசல்வரை போனால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. புதிதாக சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்கிய யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். உடனே கடைக்குப் போன் போட்டுப் பெட்டி சரியில்லை என்பார்கள். இல்லாவிட்டால் பின்பக்கக் குமிழை முழுக்கத் திருகிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். பெட்டி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அது நிற்கிற இடத்துக்கும் நீங்கள் உட்காருகிற இடத்துக்கும்தான் பொருத்தம் இருக்காது.

எங்கள் வீட்டு ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். மாட்டித் தர வந்தவர் சப்வூஃபரை மூலையில் தள்ளி, குமிழை முக்கால்வாசி திருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ஒரு சுரம் மட்டும் ஊம்ம்ம் என்று அறையை அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்கி, இன்ச் டேப்போடு உட்கார்ந்து சரிசெய்தேன். அன்றைக்குச் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் இடம், அடுத்து அளவு, கடைசியில்தான் ஈக்வலைசர், அதாவது ஒவ்வோர் அதிர்வெண்ணின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி.

அறை என்ன செய்கிறது?

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட எட்டரை மீட்டர், அதாவது 28 அடி நீளம். நம் ஹாலை விடவே பெரியது. அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு கலக்கிறது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளை கூட உயரமாக ஆட்டிவிடலாம் இல்லையா? அறையின் நீளத்துக்குப் பொருந்துகிற அதிர்வெண் வந்தால் இதேதான் நடக்கும். சிறிய ஓசை கூடப் பெரிதாகி, பாட்டு நின்ற பிறகும் அறை முனகிக்கொண்டிருக்கும்.

உங்கள் அறை எந்த அதிர்வெண்ணில் முனகும் என்று கண்டுபிடிக்கக் கணக்கு எளிது. 565 என்ற எண்ணைச் சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தால், அடிக்கணக்கில், வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹாலுக்கு நீளவாக்கில் 565ஐ 16ஆல் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 51, உயரவாக்கில் 56. இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் இதே தொல்லை உண்டு. 12க்கு 12 என்று சதுரமாக அறை கட்டியிருந்தால் நீளமும் அகலமும் ஒரே எண்ணில் முனகி, இரட்டிப்பாகத் தெரியும். வாசலும் பாதையும் திறந்திருக்கும் ஹாலில் எண்கள் கொஞ்சம் விலகும். ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்று இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பார்க்கும் அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர்கள் பேஸில் கொஞ்சத்தைத் தாங்களே வாங்கி அதிரும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம் செங்கலும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அடிக்கின்றன. அவர்கள் மூலையில் வைத்தால் நிறைவாக இருக்கிறது என்று சொல்வதை இங்கே அப்படியே செய்தால் காது அடைத்துப்போகும்.

உட்காரும் இடத்தை முதலில் நகர்த்துங்கள்

பேஸின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். நீளவாக்கு முதல் முனகல் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலே போகும். நம் வீடுகளில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டித்தான் போடுகிறோம், அதனால்தான் தலைக்குள் கும்மென்று இருக்கிறது. எங்கள் சோபாவைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்துப் போட்டேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பின்னால் துணி காயப்போடும் ஸ்டாண்டை வைக்க இடம் கிடைத்ததில் வீட்டிலும் எதிர்ப்பு இல்லை. இழுக்கவே இடமில்லை என்றால் ஓர் அடி போதும், அதற்கும் பலன் தெரியும். நட்டநடுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சப்வூஃபருக்கு இடம் தேடுவது

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அதைவிட நல்ல வழி கிடையாது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் ஒரு பாட்டையோ, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியையோ திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது நீங்கள் தரையில் இறங்கி, சுவரோரமாகத் தவழ்ந்தோ குனிந்தோ போக வேண்டும். காது, சப்வூஃபரின் கூம்பு இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். பெட்டி இருக்கும் இடத்தையும் காது இருக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறையின் பதில் ஒன்றுதான் என்பதே இதற்குக் காரணம்.

முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டு எங்கள் ஹாலில் தவழ்ந்தபோது நான் கேட்டதைச் சொல்கிறேன். இடது மூலையில் ஒரு சுரம் மற்றதையெல்லாம் விழுங்கியது. அங்கிருந்து டிவி ஸ்டாண்டை நோக்கி இரண்டடி வந்ததும் அந்தச் சுரம் தணிந்தது. மூன்றரை அடியில், கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் அதன் அளவில், பக்கத்துச் சுரத்தோடு சண்டையில்லாமல் வந்தது. இன்னும் ஓர் அடி போனால் கீழ்ச்சுரங்கள் மெலிந்தன. அந்த மூன்றரை அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாச் சுரமும் சமமாக வரும் இடமே வேண்டும். சத்தம் குறைந்தால் குமிழைத் திருகிக் கூட்டிக்கொள்ளலாம். ஏற்றத்தாழ்வை அந்தக் குமிழால் சரிசெய்ய முடியாது. இரண்டு மூன்று இடங்கள் ஒத்துவந்தால், கேபிள் எட்டும் இடத்தையும் குழந்தைகள் தட்டாத இடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடகடச் சத்தத்தை ஒழித்துவிடுங்கள்

அதே சோதனை ஒலி ஓடும்போது அறையைச் சுற்றி வாருங்கள். ஷோகேஸ் கண்ணாடி, உள்ளே அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள், இரும்பு பீரோவின் கதவு, ஸ்விட்ச் போர்டு மூடி, ஜன்னல் கொக்கி, ஃபால்ஸ் சீலிங்கில் தளர்ந்த விளக்கு என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அதிர்வெண் வைத்திருக்கும். எங்கள் வீட்டில் 42 ஹெர்ட்ஸ் வந்தால் பீரோ பேசும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒட்டிய ஃபெல்ட் துணித் துண்டு அதை அடக்கிவிட்டது. இந்தச் சத்தங்களைப் பலர் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து வீணாகக் கவலைப்படுகிறார்கள்.

பெட்டியின் பின்னால்

பின்பக்கத்தில் வழக்கமாக வால்யூம் அல்லது கெயின் குமிழ், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் குமிழ், கூம்பு தள்ளும் இழுக்கும் வரிசையை மாற்றும் ஃபேஸ் ஸ்விட்ச் ஆகியவை இருக்கும். ஏவிஆர் (எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதன் சப்வூஃபர் அவுட்டிலிருந்து வரும் கேபிளைப் பெட்டியின் எல்எஃப்இ துளையில் செருகுங்கள். எல்எஃப்இ என்பது படங்களில் பேஸுக்கென்றே வரும் தனித் தடம். அப்படித் தனித்துளை இல்லையென்றால் கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை, அதாவது மிக உயர்ந்த எண்ணுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். வடிகட்டும் வேலையை ஏவிஆர் பார்த்துக்கொள்ளும். இருவரும் வடிகட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். கெயினை நடுவில் வையுங்கள். ஃபேஸ் 0. தானாகத் தூங்கிவிடும் ஆட்டோ வசதி இருந்தால் அளவு எடுத்து முடியும்வரை அந்த ஸ்விட்சை ஆட்டோவில் விடாமல் ஆனில் வைத்திருங்கள்.

ஏவிஆரின் மெனுவில்

எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் என்று வையுங்கள். இந்தச் சொல் பலரை உறுத்துகிறது. பெரிய டவர் ஸ்பீக்கர் வாங்கியவருக்கு அதை ஸ்மால் என்று எழுத மனம் வராது. அது ஸ்பீக்கரின் உயரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. கீழ் அதிர்வெண்களை சப்வூஃபருக்கு அனுப்பு என்பதுதான் அதன் பொருள். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். திரைப்பட ஒலிக்கான டிஎச்எக்ஸ் தரம் தேர்ந்தெடுத்த எண் அது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கடினம். ஸ்பீக்கர்கள் கைக்கடக்கமாக இருந்தால் 100 அல்லது 120 தேவைப்படலாம்.

எல்எஃப்இக்கான லோ பாஸ் ஃபில்டரை (மேல் ஒலிகளை வெட்டும் வடிகட்டியை) 120 ஹெர்ட்ஸில் விடுங்கள். 5.1 என்ற ஒலியமைப்பில் உள்ள .1 என்பது இந்தத் தடம்தான், அது 120 வரை ஒலியைச் சுமக்கக்கூடியது. 80க்குக் குறைத்தால் படத்தில் இருப்பதையே வெட்டுகிறீர்கள். சப்வூஃபர் மோடு எல்எஃப்இ என்று இருக்கட்டும். எல்எஃப்இ + மெயின் அல்லது டபுள் பேஸ் என்று ஒரு தேர்வு இருக்கும், ஆசைகாட்டும், தொடாதீர்கள். ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழப்பும்.

அளவு எடுப்பது

மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். குக்கர் விசில் வராத நேரமாக இருக்கட்டும். நான் காலை ஆறு மணிக்குச் செய்தேன். தெருவும் அமைதி, விசிறி இல்லாமல் வியர்க்கவும் இல்லை.

ஒலி அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. அதில் சி வெயிட்டிங் (கீழ் ஒலிகளை அதிகம் குறைக்காமல் அளப்பது), ஸ்லோ (எண் மெதுவாக மாறுவது) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஏ வெயிட்டிங்கில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும்; அதை நம்பி சப்வூஃபரைக் கூட்டினால் வீடு அதிரும். செல்போன் செயலி இரண்டாம்பட்சம்தான். பல போன்களின் மைக் கீழ் ஒலிகளை வேண்டுமென்றே வெட்டுகிறது, பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. ஆகவே போனை வைத்து ஓர் இடத்தோடு இன்னோர் இடத்தை ஒப்பிடலாம். ஸ்பீக்கரோடு சப்வூஃபரை ஒப்பிடாதீர்கள்.

மீட்டரைச் சோபாவில், உங்கள் காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். கையில் பிடிக்க வேண்டாம், ஸ்டாண்டில் வையுங்கள். ஏவிஆரின் டெஸ்ட் டோனை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து சப்வூஃபரின் முறை. ஏவிஆரில் அதன் அளவு 0க்கும் மைனஸ் 6க்கும் இடையில் இருக்கும்போது மீட்டர் 75 காட்டும்படி பெட்டியின் கெயின் குமிழைத் திருப்புங்கள். ஏவிஆரில் ப்ளஸ்ஸில் வெகுதூரம் போக நேர்ந்தால் பெட்டியின் கெயின் குறைவு. மைனஸ் 12இல் முட்டி நின்றால் கெயின் அதிகம். சப்வூஃபர் ஒலியில் முள்ளோ எண்ணோ ஆடிக்கொண்டே இருக்கும். நடுமதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்

சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றாகப் பாட வேண்டிய இடம் இது. ஒருவர் காற்றைத் தள்ளும்போது இன்னொருவர் இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து பாடும்படி ஓடவிட்டு, சோபாவில் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி. இங்கே மட்டும் அதிகச் சத்தம்தான் நமக்கு வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகச் செய்ய ஏவிஆரில் சப்வூஃபர் தூரத்தை அரையடி அரையடியாக மாற்றிப் பார்க்கலாம். தானியங்கி முறையில் அளந்தபோது, 9 அடியில் இருக்கும் பெட்டியை 14 அடி என்று காட்டினால் கலங்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டியும் மின்சுற்றும் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதமாக்குகின்றன. ஏவிஆர் அந்தத் தாமதத்தையும் தூரமாக எண்ணிச் சரிக்கட்டியிருக்கிறது. இன்ச் டேப்பை வைத்து அதைத் திருத்தினால் செய்த வேலை கெடும்.

தானியங்கித் திருத்தம்

ஆடிஸி, டிராக் லைவ், யமஹாவின் வைப்பாவோ போன்ற, மைக்கால் அறையை அளந்து ஒலியைத் தானாகத் திருத்தும் வசதிகள் பல ஏவிஆர்களில் உண்டு. மேலே சொன்ன இடம் தேடும் வேலை முடிந்த பிறகே இவற்றை ஓடவிடுங்கள். மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காமல் ட்ரைபாடில், காது உயரத்தில் வையுங்கள். முதல் இடம் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம். மற்றவற்றை அதைச் சுற்றி ஓரிரு அடிக்குள் நகர்த்துங்கள். முடிந்ததும் மெனுவைத் திறந்து பாருங்கள். பல நேரம் டவர் ஸ்பீக்கரை லார்ஜ் என்று மாற்றி வைத்திருக்கும். அதை ஸ்மாலுக்கும் 80க்கும் திருப்புங்கள்.

ஊம் என்ற இரைச்சல் வந்தால்

பாட்டே இல்லாதபோது சப்வூஃபர் தாழ்ந்த குரலில் ஊம் என்றால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், கருவிகளின் எர்த் இரண்டு வழியில் சுற்றி வருகிறது என்று பொருள். ஏவிஆரையும் சப்வூஃபரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் திருடன் அங்கேதான் இருக்கிறான். மூன்றாவது பின்னை உடைப்பது, எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் செருகுவது இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரைச்சல் போகும், ஆனால் ஒருநாள் ஷாக் அடித்தால் உயிரும் போகும். வீட்டின் எர்த்திங்கையே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

படமாகப் பார்க்க விரும்பினால்

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், யூமிக்-1 போன்ற யூஎஸ்பி அளவீட்டு மைக்கும் இருந்தால் அறையின் குறைகள் கோட்டுப் படமாகவே தெரியும். மைக்கின் வரிசை எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பை இறக்கி ஏற்ற மறக்காதீர்கள். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் ஏவிஆரோடு இணைத்து 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப், அதாவது படிப்படியாக ஏறும் சோதனை ஒலி, ஓடவிடுங்கள். பெட்டி மூலையில் இருந்தபோது எங்கள் ஹாலில் 35 ஹெர்ட்ஸில் ஒரு மலை 12 டெசிபல் உயரத்துக்கு நின்றது. கணக்குப் போட்டு வந்த அதே எண்! நகர்த்திய பிறகு அது 5 ஆனது. மீதியை ஈக்வலைசரில் குறைத்தேன்.

ஈக்வலைசரில் ஒரே விதி: மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் வரும் பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அதுவும் அழிந்துபோகும். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயருக்கு 10 மடங்கு மின்திறன் வேண்டும். பள்ளம் அப்படியே இருக்க, பெட்டிதான் திணறும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம், அல்லது இரண்டாவது சப்வூஃபர். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால் எல்லா இருக்கைகளிலும் பேஸ் ஏறக்குறைய சமமாக வருவதைக் காட்டியது. ஒரு பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு சிறியவை வாங்குவது பல வீடுகளுக்கு நல்லது என்பேன். சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோம் இந்த வேலைக்கு உதவாது. 28 அடி அலைக்கு அது இருப்பதே தெரியாது.

காதால் சரிபார்ப்பது

செய்தி வாசிக்கும் ஆண் குரலை வையுங்கள். அவர் குரல் டிவியிலிருந்து மட்டுமே வர வேண்டும். சப்வூஃபர் பக்கத்திலிருந்து நெஞ்சொலி வந்தால் கிராஸ்ஓவர் அதிகம், அல்லது அளவு அதிகம். அடுத்து ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம். தொப்பிப் பக்கத்தில் ரவை அப்பிய தோலை உள்ளங்கையால் அழுத்திக் கும்கி கொடுக்கும்போது ஓசை வளைந்து மேலேறி, கை எடுத்ததும் நிற்க வேண்டும். வளைவு தெரியாமல் வெறும் தொம் என்று கேட்டால் அறை இன்னும் முனகுகிறது. பிறகு பேஸ் கிட்டார். அதன் திறந்த தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஒரு சுரம் மட்டும் துள்ளிக் குதித்தால் அந்த அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு முந்தைய படிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

சரியாக அமைந்த முதல் நாள் பேஸ் குறைந்துவிட்டது போலத் தோன்றும். ஒரு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் 3 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். மெதுவாகக் கேட்கும்போது பேஸ் மட்டும் மறைவது காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே அதை அளந்து வரைந்துவிட்டார்கள். ஆடிஸி இருந்தால் டைனமிக் ஈக்யூவை இயக்குங்கள், அது இந்தக் குறையை ஈடுகட்டவே இருக்கிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெட்டியின் கீழே தடித்த ரப்பர் மெத்தை போடுங்கள். தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவது குறையாது. அதனால் மேல்வீட்டு அக்காவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு படம் ஓடவிட்டு, அவர்கள் வீட்டு ஹாலில் போய் நின்று கேட்டோம். இரவு ஒன்பதரைக்கு மேல் ஏவிஆரில் நைட் மோடு (பெரிய சத்தங்களை அடக்கும் வசதி), சப்வூஃபர் 6 டெசிபல் குறைவு என்று பேசிவைத்திருக்கிறோம்.

எல்லாம் முடிந்ததும் கெயின் குமிழ் நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, தூரம், அளவு, கிராஸ்ஓவர் எண்களை ஒரு சீட்டில் எழுதி பெட்டியின் பின்னால் ஒட்டுங்கள். வீடு பெருக்கும்போது குமிழ் திரும்பிவிடும். தீபாவளிக்குச் சோபா இடம் மாறும். அன்றைக்கு அந்தச் சீட்டு இருந்தால் பத்து நிமிட வேலை.